புது முட்டி, பழைய எலும்பு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எந்த ஊரில் இறங்கினாலும், ஒரு கையை இடுப்பிலும் இன்னொரு கையை முட்டியிலும் ஊன்றி மெல்ல எழுந்திருக்கிற பெண்களைப் பார்க்கலாம். நாற்று நடுவது, களை எடுப்பது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆய்வது, உளுந்து பிடுங்குவது என்று எங்கள் பக்கத்து வேலையெல்லாம் குனிந்தோ குந்தியோ செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் அரிவாள்மணை, கோலம், துணி துவைக்கிற கல். ஐம்பது வயதைத் தாண்டியதும் முட்டி பேச ஆரம்பித்துவிடும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. எனக்கும் ஆனது. அம்மா காலத்தில் அதற்கு வழியில்லை. என் காலத்தில் வழி வந்துவிட்டது. அந்த வழியில் ஆபரேஷன் தியேட்டர் ஒரு சின்னப் பகுதிதான். மீதியெல்லாம் அதற்குப் பிறகு என் வீட்டுக் கட்டிலிலும் கூடத்திலும் வாசற்படியிலும் நடந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவள். காலைப் பாசஞ்சரில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி விழுப்புரம். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் அது. வெளியே வர மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கும். முதலில் இறங்கும்போது மட்டும்தான் வலித்தது. பிறகு ஏறும்போதும் வலித்தது. கூட வருகிறவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைக்கப் பழகினேன். பள்ளியில் மாடி வகுப்பை விட்டுக் கீழ் வகுப்பைக் கேட்டு வாங்கினேன். ஓய்வு பெறுகிற சமயத்தில் வலது கால் வெளிப்பக்கமாக வில்போல் வளைந்திருந்தது. தைலம், முட்டிக் கச்சை, மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி டாக்டர் சொன்னது ஒரு வரிதான்: "நடுவுல மெத்தை இல்லம்மா, எலும்பும் எலும்பும் உரசுது."

மூட்டை மாற்றுவது என்ற பேச்சை நான் முதலில் கேட்டது பிரதமர் வாஜ்பாய் வழியாகத்தான். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருக்கு இடது முட்டியை மாற்றினார்கள். 2001 ஜூனில் வலது முட்டி. செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத். 1970-களில் ஜான் இன்சாலோடு சேர்ந்து இன்றைய செயற்கை முட்டிக்கு அடிப்படையான வடிவத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு ஆசிரியர் அறையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு, இதெல்லாம் பிரதமருக்கு நடக்கிற காரியம் என்று பேசிக்கொண்டோம். காலம் மாறியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. அதுவரை ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற கோபால்ட் குரோமியம் முட்டி, வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்றானது. எங்கள் தெருவிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவரைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். எங்கேயோ செய்துகொண்டு வந்தார். தையல் அழகாக ஆறியிருந்தது, எக்ஸ்ரேயும் நன்றாக இருந்ததாம். ஆனால் கால் முழுதாக நீளவில்லை. பாதிக்கு மேல் மடங்கவும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு எப்படி நொண்டினாரோ அதைவிட மோசமாக நொண்டினார். "ஊட்டுக்குப் போய் நடங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எப்படி நடக்கணும், என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித்தரல டீச்சர்" என்றார். அந்த ஒரு பேச்சு எனக்குப் பெரிய பாடம். எனக்கு நாள் குறித்தபோது நான் டாக்டரிடம் முதலில் கேட்டது முட்டியின் கம்பெனியையும் விலையையும் அல்ல, "எனக்கு யார் பயிற்சி சொல்லித் தருவாங்க, எத்தனை நாளைக்கு வருவாங்க?" என்றுதான் கேட்டேன்.

ஆபரேஷன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தொடை எலும்பின் அடிமுனையையும் கணுக்கால் பக்கம் போகிற பெரிய எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கி எடுக்கிறார்கள். மேலே வளைந்த உலோக மூடி, கீழே உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் மெத்தை. எலும்போடு ஒட்டவைக்க எலும்பு சிமெண்ட். 'முட்டி மாற்று' என்று சொன்னாலும் முழு முட்டியையும் எடுத்துப் போடுவதில்லை. தேய்ந்த மேற்பரப்பைத்தான் மாற்றுகிறார்கள். சுற்றியுள்ள தசை, நரம்பு, பக்கவாட்டுத் தசைநார்கள், மேலும் கீழும் இருக்கிற எலும்பு எல்லாம் நம்முடைய பழையவைதான். இதைப் புரிந்துகொண்டால், பிறகு ஏன் அத்தனை பயிற்சி என்பதும், எலும்பைப் பற்றி ஏன் அத்தனை கவலை என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

மறுநாள் காலையிலேயே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிற்க வைத்தார்கள். தலை சுற்றியது. கால் யாருடையதோ போல இருந்தது. கட்டிலிலிருந்து கதவுவரை போய் வந்தேன். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க அந்தச் சின்ன அசைவுதான் முதல் காவல் என்று நர்ஸ் சொன்னார். கெண்டைக்கால் ஒரேயடியாக வீங்கினாலோ கடுத்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும் என்பதையும் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திண்டிவனம் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள விக்கிரவாண்டியிலிருந்து தங்கை வந்திருந்தாள். அவள் அன்பு பெரிய அன்பு. கால் வலிக்குமே என்று முட்டிக்கு அடியில் நல்ல பஞ்சுத் தலையணையை வைத்து, "அசையாத படுக்கா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் செஞ்சிப் பக்கத்துப் பெண். என் மாணவிகள் வயதுதான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தத் தலையணையைத்தான் எடுத்தாள்.

"டீச்சர், இது இப்ப சொகமாத்தான் இருக்கும். ஆனா முட்டி மடங்கின வாக்குலயே உறைஞ்சிடும். அப்புறம் ஆயுசுக்கும் நீட்ட வராது."

தலையணையை எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். இப்போது முட்டி அந்தரத்தில் நின்றது. தன் கனத்தாலேயே கீழே தாழ்ந்து நீள ஆரம்பித்தது. முட்டியின் பின்பக்கத்து நரம்பையெல்லாம் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் என் தொடையின் மேல் கையை வைத்து, "இப்ப முட்டியைப் படுக்கையில அமுக்குங்க. தொடைச்சதை கல்லா ஆகணும். அஞ்சு எண்ணுங்க. விடுங்க" என்றாள். அமுக்கினேன். தொடையில் ஒன்றும் நடக்கவில்லை. மூளை சொல்கிறது, தசை கேட்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் பலம் பாதிக்கு மேல் குறைந்துபோகும். வலியும் வீக்கமும் சேர்ந்து அந்தத் தசைக்குப் போகிற கட்டளையையே மட்டுப்படுத்திவிடுகின்றன. அதை எழுப்புவதுதான் முதல் வேலை.

அடுத்தது மடக்குவது. கட்டில் விரிப்பின் மேல் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் உறையை விரித்து, அதன்மேல் குதிகாலை வைத்துப் பிட்டத்தை நோக்கி இழுக்கச் சொன்னாள். துணியில் குதிகால் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு வரும். என் பழைய பருத்திச் சேலையை நீளமாக மடித்துப் பாதத்தில் மாட்டி, இரண்டு நுனியையும் என் கையில் கொடுத்தாள். கால் நிற்கிற இடத்திலிருந்து கையால் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். பையிலிருந்து இரண்டு கை வைத்த கோணமானியை எடுத்தாள். நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லித் தந்தவள். என் முட்டியின் மேலேயே கோணம் அளப்பதை அன்றுதான் பார்த்தேன். சமதளத்தில் நடக்க முட்டி ஏறக்குறைய 65 முதல் 70 பாகை மடங்க வேண்டும். படி ஏற 80-க்கு மேல். படி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90-க்கு மேல். முதல் இரண்டு வாரத்தில் 90-ஐ எட்டிவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அதைவிட முக்கியம் என்று அதற்கு மேலே பெரிதாக எழுதிய எண் சுழியம். கால் முழுதாக நீள வேண்டும். நீளாத கால் குட்டைக்கால். எத்தனை மடங்கினாலும் நொண்டல் போகாது.

வலியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் வலி நிச்சயம் உண்டு. ராத்திரியில் கூடுதலாக இருக்கும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது நல்ல யோசனை. முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்து ஓய்வு. பயிற்சி முடிந்த வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்தால் சரி. மறுநாள்வரை வீங்கிக் கிடந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். தையல் பிரித்தபின் தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போயிருக்கும், மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம். காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் கூடாது, நேராக ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும்.

எங்கள் வீட்டில் எல்லாரையும் விட அதிகமாக மாறியவள் தங்கைதான். நோயாளியை அசையவிடாமல் படுக்கவைத்து ஊட்டிவிடுவதுதான் பராமரிப்பு என்று நாம் பரம்பரையாக நம்புகிறோம். பார்க்க வருகிறவர்களும் அதையே சொல்வார்கள்: "பாவம், வலிக்குது, விட்டுடு. மெதுவா சரியாயிடும்." முட்டி விஷயத்தில் மெதுவாக ஒன்றும் சரியாகாது. உள்ளே ஆறுகிற திசு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகும். முதல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வராத மடக்கு பிறகு வருவது கஷ்டம். சிலருக்கு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு தங்கை காலையில் காபி டம்ளரோடு கோணத்தையும் கேட்பாள். தண்ணீரைக் கையில் கொண்டுவந்து தராமல் மேசைமேல் வைத்து, "எழுந்து வந்து குடிக்கா" என்பாள். முதல் முறை காலை மடக்காமல் நேராகப் படுக்கையிலிருந்து உயர்த்தி அந்தரத்தில் நிறுத்தியபோது அவள்தான் கைதட்டினாள்.

வாக்கரிலிருந்து கைத்தடி. கைத்தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். எங்கள் வாசற்படியில் இதைப் பிசியோ பெண் என்னைப் பிடித்துக்கொண்டு பழக்கினாள். பிறகு நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. தரையில் குந்துவதும் சம்மணம் போடுவதும் எனக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளியலறையில் மேற்கத்திய கழிப்பறை வைத்தோம், சுவரில் பிடிக்க ஒரு கம்பி அடித்தோம். பூஜை அறைக்கு ஒரு முக்காலி வந்தது. பந்தியில் மேசை போடாத கல்யாணத்துக்குப் போனால் முன்கூட்டியே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ள இப்போது கூச்சப்படுவதில்லை.

இந்தப் பயிற்சிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மரபு இருக்கிறது. அது எங்களுக்குத் தூரத்திலும் இல்லை. விழுப்புரத்திலிருந்து காட்பாடி ரயிலேறினால் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு உயிராக இருந்தார். இன்று அந்த மையம் அவர் பெயரில் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த இடத்தில் மருத்துவம் முடிவதில்லை, அந்த மனிதர் மறுபடி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்வரை அது நீள வேண்டும் என்பதை நம் மண்ணில் தன் உடம்பாலேயே நிறுவிக் காட்டியவர் அவர். என் முட்டியைப் பிடித்துக்கொண்டு எண்ணிய அந்தச் செஞ்சிப் பெண்ணும் அந்த வழியில் வந்தவள்தான்.

இனி எலும்பு. கைத்தடியை விடுகிற சமயத்தில் டாக்டர் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். முட்டி நன்றாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "முட்டி புதுசும்மா, அதைத் தாங்குற எலும்பு பழசு" என்றார். இறுகிய மண்ணில் அடித்த முளை அசையாது. மணலில் அடித்த முளை ஆடும். செயற்கை முட்டியும் அப்படித்தான். செயற்கை முட்டி வைத்த முதல் ஆண்டில், உலோக மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் தொடை எலும்பின் அடர்த்தி குறைவதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பளுவை உலோகம் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைகிறது. ஆபரேஷனுக்கு முந்தைய வருஷங்களில் வலிக்காக நடக்காமல் இருந்ததும் சேர்ந்துகொள்கிறது. அந்த எலும்போடு வழுக்கி விழுந்து, உலோகத்துக்கு மேலேயே முறிந்தால் அதைச் சரிசெய்வது சாதாரண முறிவைவிடப் பலமடங்கு கடினம்.

எலும்பு உயிருள்ளது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற செய்திதான். ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. இன்னொரு வகை புதிதாகக் கட்டுகின்றன. முப்பது வயதுவாக்கில் சேமிப்பு உச்சத்தைத் தொடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் வருகிற ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அடர்த்தியில் 20 சதவீதம்வரை குறைந்துவிடலாம். எந்தப் பக்கம் பளு விழுகிறதோ அந்தப் பக்கம் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். பளுவே இல்லாத விண்வெளியில் வீரர்களுக்கு மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி குறைகிறது. அவர்களும் அங்கே தினமும் உடற்பயிற்சி செய்துதான் அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். படுத்தே கிடக்கிறவர்களுக்கும் அதே கதிதான்.

என் அம்மாவின் முடிவு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. முட்டி வலியால் அம்மா நடப்பதைக் குறைத்துக்கொண்டார். திண்ணையும் கட்டிலும் என்று ஆனார். வெயிலுக்கு வருவதில்லை. பல் இல்லை என்று சோறும் ரசமும்தான். ஒரு மழைக்காலத்தில் பின்கட்டு ஈரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்தவாக்கில் விழுந்தார். பெரிய விழுதலே இல்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதன்பின் அம்மா எழுந்து நடக்கவே இல்லை. படுக்கைப் புண்ணும் சளியும் வந்து போய்விட்டார். வயசாகிவிட்டது, விழுந்தார், போனார் என்று ஊர் சொன்னது. முட்டி வலியில் ஆரம்பித்து, நடை குறைந்து, எலும்பு மெலிந்து, ஈரத்தரையில் முடிந்த ஒரே சங்கிலி அது. அதன் ஒவ்வொரு கண்ணியையும் இன்று அறுக்க முடியும்.

ஸ்கேனில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை; மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் எலும்பு மெலிவு. நான் நடுவில் இருந்தேன். வைட்டமின் டி நன்றாகக் குறைந்திருந்தது. வெயில் கொளுத்துகிற விழுப்புரம் மாவட்டத்தில் இது எப்படி என்று வியந்தேன். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் காலை பத்து, பதினொன்றுக்கு மேல்தான் நன்றாக விழும். அந்த நேரத்தில் நாங்கள் வகுப்பறைக்குள். வெளியே வந்தாலும் உடம்பு முழுக்கத் துணி, தலைக்கு மேல் குடை. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். டாக்டர் எழுதிய வைட்டமின் டி பாக்கெட்டை அவர் சொன்ன இடைவெளியில் மட்டும் சாப்பிட்டேன். அளவு மீறினால் அதுவும் கெடுதல்தான். பகலில் கைகால் தெரிய வெயிலில் கொஞ்ச நேரம் நிற்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு எங்கள் ஊரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நாம் தட்டு நிறையப் போட்டுக்கொள்கிற வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் ஆயிரத்தை ஒட்டியோ மேலோ இருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நாடு முழுக்கத் தெரிந்த டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களும் எள் ரகங்களும் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. இந்த ஊரில் இருந்துகொண்டு எள்ளை ஈமக்கடனுக்கும் சனிக்கிழமை விளக்குக்கும் மட்டும் ஒதுக்கி வைப்பது நியாயமில்லை. எங்கள் வீட்டில் எள்ளுப்பொடி இட்லிக்கு வந்தது. எள்ளுருண்டை டப்பாவில் நிரந்தரமானது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் தயிர், வாரத்தில் சில நாள் முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலி. தசைக்குப் பருப்பும் முட்டையும். கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

உணவு செங்கல் மாதிரி சேர்ந்தாலும், கட்டச் சொல்லி எலும்புக்கு உத்தரவு போடுவது கால் தரையில் ஊன்றுகிற பளுதான். ஆகவே பயிற்சியை நான் மூன்று மாதத்தோடு நிறுத்தவில்லை. காலையில் கிடங்கல் பக்கம் நடக்கப் போவேன். சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் 'கிடங்கில்' என்ற ஊர் அதுதான். ஏரிக்கரைக் காற்றும் திந்திரிணீஸ்வரர் கோயில் மணியும் கூட வரும். நடையோடு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குதிகால் தூக்குவது, படி ஏறி இறங்குவது, ஒற்றைக்கால் நிற்றல் எல்லாம் இன்றும் தொடர்கின்றன. குதிப்பதும் ஓடுவதும் இல்லை. வீட்டில் கால் தடுக்குகிற மிதியடிகளை எடுத்துவிட்டோம். ராத்திரி பாத்ரூம் வழியில் சின்ன விளக்கு எரிகிறது. விழாமல் இருப்பதும் எலும்புக்குச் செய்கிற வைத்தியம்தான். மயிலம் முருகன் கோயிலுக்கு என் காலாலேயே ஏறிப்போய் வந்தேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் பக்கவாட்டில் இறங்கவில்லை.

செயற்கை முட்டி எத்தனை நாள் உழைக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு, முழு முட்டி மாற்றங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 82 இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறது. உலோகம் அத்தனை காலம் உழைக்கத் தயாராக இருக்கிறது. தசையையும் எலும்பையும் அத்தனை காலம் உழைக்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

வசதி இருந்ததால் உனக்குப் பிசியோ வீட்டுக்கு வந்தாள் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் முட்டி மாற்றிக்கொண்டு விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பிய என் தங்கையின் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்ன பிறகுதான் இயன்முறை சிகிச்சையாளர் வந்தார். கேட்டதால் கிடைத்தது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கும் போய்க் கேட்கலாம்.

முட்டி மாற்றப் போகிற ஒவ்வொருவரையும், அவர்கள் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், பயிற்சி சொல்லித் தருகிறவர் யார், எப்போது வருவார் என்று கேளுங்கள். எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி-யும் பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அம்மா வலியில் முனகினால் பக்கத்தில் உட்கார்ந்து அஞ்சு எண்ணுங்கள். "போதும், விடும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். முட்டியை மாற்றித் தர டாக்டர்கள் இருக்கிறார்கள், பணம் கட்ட அரசுத் திட்டமும் இருக்கிறது. நடையை மட்டும் அவரவர்தான் தினமும் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும்.